பாலத்துக்கு வந்த ஆயிரம் ரூபாய்

எனக்குச் சந்தேக புத்தி என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. காய்கறிக் கடையில் தராசு ஆடி நிற்கும்வரை பையை நீட்டமாட்டேன். ஆட்டோ ஒரு தெரு சுற்றினாலும் ஓட்டுகிறவரின் முதுகை முறைத்துக்கொண்டே வருவேன். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கொண்டுபோய் அரசாங்க அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? எல்லோருக்கும் வேலை தாமதமாகும், அவளுக்குப் பதவி உயர்வு தாமதமாகும். எனக்கு இரண்டும் நடந்தது.

அலுவலகம் சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. சாலை, பாலம் போடுகிற வேலை. எந்தத் துறை, எந்தக் கோட்டம் என்று எழுதப்போவதில்லை. ஓய்வூதியம் வாங்க வேண்டியவள் நான். என் மேசைக்கு வருவது ஒரே வகைக் கோப்புதான். ஒரு வேலைக்கு முதலில் அனுமதித்த பணம் போதவில்லை, இன்னும் வேண்டும் என்று கேட்கிற கோப்பு. திருத்திய மதிப்பீடு என்பார்கள். போதும் என்று சொன்ன வேலையை நான் பார்த்ததே இல்லை. அதனால் அட்டையைத் திறக்கும்போதே யாரோ என்னை ஏமாற்ற வந்திருக்கிறார்கள் என்ற நினைப்போடுதான் திறப்பேன்.

அப்படித் திறந்த கோப்புகளில் ஒன்று என் அக்கா ஊர்ப் பாலத்துடையது.

அக்காவும் மாமாவும் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் ஒரு ஓடை வரும். பண்ணை அதற்கு அக்கரையில். ஓடையில் முன்பு ஒரு தரைப்பாலம் இருந்தது. வெள்ளம் வந்தால் அதன்மேல் தண்ணீர் போகும், அரை நாளில் வடியும், பிறகு வண்டி போகும். அதை உடைத்துவிட்டு உயரமான பாலம் கட்ட எங்கள் அலுவலகம் வந்தது. வண்டி போக ஓரமாகக் குழாய் போட்டு மண்ணைக் கொட்டித் தற்காலிகப் பாதை விட்டார்கள். அடித்தளம் தோண்டினார்கள். தோண்டிய இடத்தில் எதிர்பார்த்த ஆழத்தில் பாறை இல்லை, இன்னும் ஆழம் போக வேண்டும், பணம் போதாது என்று வேலை நின்றது. இருந்த பாலமும் போய், வர வேண்டிய பாலமும் வராத நிலை.

அந்த வருஷ மழையில் மண் பாதை கரைந்து ஓடையோடு போய்விட்டது. தீவன லாரி இக்கரையில் நின்றது, கோழிகள் அக்கரையில் கத்தின. அக்கா மூட்டையைத் தலையில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் நடந்தாள். எத்தனை மூட்டை சுமந்தாலும் அத்தனை கூண்டுக்கும் எப்படிக் காணும்? தீவனம் குறைந்த கோழி ஒன்றையொன்று கொத்தும், இறகை உதிர்க்கும், முட்டையை நிறுத்திவிடும். அவளுடைய ஒரு ஷெட் முழுக்க நின்றுபோனது. தீவனம் அனுப்புகிற கம்பெனிக்காரர், அடுத்த மழைக்குள் பாலம் வராவிட்டால் அந்தப் பக்கம் லாரி அனுப்பமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அனுப்பாவிட்டால் கோழிகளைக் கறிக்கு விற்றுவிட்டு ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். மாமா அதற்குத் தயாராகிவிட்டார். அக்கா ஆகவில்லை.

மாமாவின் கோபமெல்லாம் அந்தப் பாறைமேல் இருந்தது. அவர் இளவயதில் ரிக் வண்டியில் ஏறி வடக்கே பல ஊர்களில் போர்வெல் போட்டவர்.

"ஏனம்மிணி, நம்ம சீமையில பாறை இல்லைன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? என்ற காட்டுல கடப்பாறையப் போட்டா டங்குன்னு நிக்குது. ஓடையில மட்டும் பாறை ஓடிப்போயிருச்சா? காண்ட்ராக்டர் கணக்குங்கம்மிணி, எல்லாம் கணக்கு!"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் குழியைப் பார்த்தேன். உதவிப் பொறியாளர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும் பாவம், வெயிலில் வியர்த்திருந்த அவருக்கு இன்னும் வியர்த்தது. நீளக் கம்பியை இரண்டு கரையிலும் இறக்கிக் காட்டினார். ஒரு கரையில் மாமா சொன்னபடியே டங்கென்று நின்றது. மறுகரையில் நிற்காமல் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது. பொய் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதிக்குப் பதிலாக ஏமாற்றமாக இருந்தது. மாமாவிடம் வந்து சொன்னேன். அவர் கூண்டுத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தபடி திரும்பாமலே கேட்டார்.

"நீ பாத்தது சரிங்கம்மிணி. கம்பியப் புடிச்சது ஆரு?"

கோப்பு சென்னைக்குப் போனது. அங்கிருந்து ஒவ்வொரு கேள்வியாகத் திரும்பி வந்தது. முதலிலேயே மண்ணை ஏன் சரியாகச் சோதிக்கவில்லை? நியாயமான கேள்வி, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். கூடுதல் கம்பி எதற்கு? அதற்கும் பதில் போனது. பதில் போன பிறகு, முதல் கேள்வியையே வேறு யாரோ ஓர் அதிகாரி பச்சை மையில் கேட்டார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. யார் என்று சொல்லத் தெரியாத ஒருவர்மீது வரும் கோபம் மிகவும் அலுப்பானது. அக்கா தினமும் சாயந்திரம் போனில் கேட்பாள், நானும் கோப்பு எங்கே நிற்கிறது, என்ன கேட்கிறார்கள், அடித்தளம், திருத்திய மதிப்பீடு, நிதித்துறை என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள்.

கடைசியில் விஷயம் சட்டசபைக்குப் போனது. வருஷத் தொடக்கத்தில் சபை ஒப்புக்கொண்டதற்கு மேல் செலவு செய்ய வேண்டுமானால் அரசாங்கம் நடுவில் மறுபடி சபையிடம் போய்க் கேட்க வேண்டும். துணை மானியக் கோரிக்கை என்று அதற்குப் பெயர். அதில் ஒரு பழக்கம் உண்டு. அதே துறையில் வேறு வேலைகளில் பணம் மிச்சமாகும் என்று தெரிந்தால், முழுத் தொகையைக் கேட்கமாட்டார்கள். சபையின் சம்மதம் கிடைத்தால் போதும் என்று பெயருக்கு ஆயிரம் ரூபாய் கேட்பார்கள். ஆயிரத்துக்குச் சபை சரி என்றால் வேலைக்கே சரி என்று அர்த்தம். மீதியை, மிச்சமான இடத்திலிருந்து பிறகு மாற்றிக்கொள்வார்கள். எங்களுக்கு இது சாப்பாட்டில் உப்பு மாதிரி, யாரும் தனியாகச் சொல்லிக்கொள்வதில்லை. நானும் அக்காவிடம், "சபையில ஆயிருச்சுக்கா, இனிப் பயமில்லை" என்றுதான் சொன்னேன். ஆயிரம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அக்காவின் போன் குறைந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவர்கள் ஊர்க் கோயில் விசேஷத்துக்குப் போனேன். அக்கா காப்பி கொடுத்தாள், சாப்பாடு போட்டாள், பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா என்னைக் கண்டதும் ஷெட்டுக்குள் போய்விட்டார். நான் எப்போது கிளம்பினாலும் அக்கா ஒரு அட்டை முட்டையைத் துணியில் கட்டிக் கையில் திணிப்பாள். வேண்டாம் என்றால் பஸ் ஸ்டாப் வரை தூக்கிக்கொண்டு வருவாள். அன்று வெறும் கையோடு வந்தேன். வழி முழுக்க யோசித்தேன். மாமாதான் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

பங்குனி பிறந்தது. எங்களுக்கு அது மார்ச் மாதம். அந்த மாதக் கடைசிக்குள் கொடுக்காத பணம் செத்த பணம். அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். சென்னையிலிருந்து பணத்தை மாற்றிய உத்தரவு வந்துவிட்டது. காண்ட்ராக்டர், சபை ஒப்புக்கொண்டதை நம்பி, ஆழமான அடித்தளத்தைத் தன் கைக்காசில் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார். அந்தப் பில்லுக்குப் பணம் கொடுத்தால்தான் மேலே வேலை செய்வேன் என்று நின்றார். நான் பில்லைச் சரிபார்த்து எங்கள் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

கண்காணிப்பாளர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். கேட்டால், "பார்க்கலாம்மா" என்பார். நான் மேசைப் பக்கம் போனால் இழுப்பறையைச் சாத்துவார், சாவியைச் சட்டைப் பையில் போடுவார். காண்ட்ராக்டரும் அவரும் வெளியே டீக்கடையில் தலையைக் குனிந்து பேசிக்கொண்டிருந்ததை இரண்டு தடவை பார்த்தேன். இவ்வளவு பார்த்த பிறகும் எனக்குப் புரியாதா? ஏதோ கைமாறுவதற்காகக் காத்திருக்கிறார் என்று முடிவுசெய்தேன். ஒரு நாள் மதியம் நேராகப் போய் நின்றேன்.

"சார், அந்தப் பில்லுல என்ன குறை? குறையிருந்தா எழுதுங்க. வேற ஏதாவது வேணும்னா அதையும் வெளிப்படையாச் சொல்லுங்க."

 அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தார்.

"உக்காருங்கம்மா. உங்ககிட்ட இதைக் காட்டக் கூடாதுன்னுதான் இத்தனை நாளா பூட்டி வச்சேன்."

நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனு ஒன்று, எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது. பாலத்துக்குச் சட்டசபையில் ஆயிரம் ரூபாய்தான் வந்திருக்கிறது, மீதியை அதிகாரிகள் பங்கு போட்டுவிட்டார்கள், பாறை இல்லை என்பதும் கட்டுக்கதை, விசாரிக்க வேண்டும். அடியில் அக்காவின் கையெழுத்து. கோழித் தீவனக் கணக்கு எழுதுகிற அதே உருண்டை எழுத்து.

"மனு நிலுவையில இருக்கும்போது நம்ம பெரிய அதிகாரி பில்லுல கையெழுத்துப் போடமாட்டேங்கிறார். நானும் அந்த காண்ட்ராக்டரும் தினமும் கெஞ்சிட்டு இருக்கோம்" என்றார் அவர். கொஞ்சம் தயங்கி, "திருத்திய மதிப்பீடு, அடித்தளம்னு உள்ள இருக்கிற ஆள் மாதிரியே எழுதியிருக்குதா... நீங்கதான் எழுதிக் குடுத்தீங்கன்னு நெனச்சேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

நான் அவரைத் திருடன் என்று நினைத்த அதே நாட்களில் அவர் என்னைக் காட்டிக்கொடுப்பவள் என்று நினைத்திருக்கிறார். இருவரும் ஒரே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். அந்த வார்த்தைகளையெல்லாம் அக்காவுக்குப் போனில் சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்பதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

மனுவை விசாரிக்க வேறு கோட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார் என்றார்கள். அவர் வருகிற நாளில் நான் லீவு போட்டுவிட்டு விடிந்ததும் புதுச்சத்திரம் பஸ் ஏறினேன். அக்கா ஷெட்டில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. கோபம் அதை முந்திக்கொண்டது.

"ஏக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

அவள் முட்டையை அட்டையில் வைப்பதை நிறுத்தவில்லை. "வாட்ஸ்அப்புல ஊரே பாக்குது, அந்தச் சட்டசபைக் கணக்குப் பொஸ்தகத்துல ஆயிரம்னு போட்டிருக்கறத. நீ ஆயிருச்சு, பயமில்லைன்ன. ஆயிரம்னு ஏன் சொல்லல?"

"அது வெறும் பேருக்கு. முட்டை நின்ன கோழியக் கறிக்கு வாங்க வியாபாரி வரும்போது அச்சாரம் குடுக்கறாரில்ல? கோழி எனக்குத்தான்னு கையில ஒரு நோட்டு வச்சுட்டுப் போவாரே, அந்த மாதிரி. மீதி பின்னால வரும்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அச்சாரம் குடுத்துப்போட்டுத் திரும்பி வராத வியாபாரி எத்தனை பேருன்னு உனக்குத் தெரியுமா, கண்ணு?"

 அச்சாரம் கொடுத்துவிட்டு வராமல் போன அரசாங்க வேலைகள் என் அலமாரியிலேயே இருந்தன.

அதிகாரி ஜீப்பில் வந்து இக்கரையில் இறங்கி, வறண்ட ஓடையைக் கடந்து நடந்து வந்தார். நல்ல மனிதர்தான். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பணம் மாற்றிய விவரத்தை அக்காவுக்கு இரண்டு தடவை சொன்னார். விளக்கம் திருப்தி என்று அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டால் மனு முடிந்துவிடும், பில் போய்விடும் என்றார்.

அக்கா கேட்டாள், "சரிங்க. மழைக்குள்ள பாலம் முடிஞ்சிரும்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

"அதெப்படிங்கம்மா? நான் விசாரிக்க வந்தவன். அப்படி யாரும் எழுதித் தர முடியாதுங்க."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ எழுதிக் குடு. உன்ற ஆபீஸ்தான?"

மாமா தூணில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் தாளில் நான்கு வரி எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு எந்த மதிப்பும் இல்லை என்பது அதிகாரிக்குத் தெரியும், அவரும் வாயைத் திறக்கமாட்டார். பேனா என் கைப்பையிலேயே இருந்தது. ஆனால் காண்ட்ராக்டர் நாளைக்கே வேறு காரணம் சொல்லமாட்டார் என்று எனக்கு என்ன தெரியும்? சிமெண்ட் வராது, ஆள் வராது, மழை முந்திக்கொள்ளும். ஒருவரையும் நம்பாமல் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவள் நான்.

"என்னால எழுத முடியாதுக்கா. பில்லு போகும், அது தெரியும். பாலம் முடியுமான்னு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.  அக்கா அதிகாரியிடம் கையை நீட்டினாள்.

"குடுங்க அந்தத் தாள."

கையெழுத்துப் போட்டாள். அதிகாரியே ஆச்சரியமாகப் பார்த்தார். அவர் ஓடையைத் தாண்டிப் போன பிறகு நான் கேட்டேன், ஏன் போட்டாய் என்று.

"நீ எழுதிக் குடுத்திருந்தீன்னா போட்டிருக்க மாட்டேன். எனக்காவ நீ பொய் சொல்றீன்னு தெரிஞ்சிருக்கும். பொய் சொல்லலைன்னா, பில்லு போகும்னு சொன்னதும் நெசமாத்தான் இருக்கும்னு போட்டேன்."

கிளம்பும்போது ஒரு அட்டை முட்டையைத் துணியில் கட்டிக் கொடுத்தாள்.

மார்ச் கடைசி நாளில் பில் போனது. கண்காணிப்பாளர் அதைத் தானே கையில் எடுத்துக்கொண்டு கருவூலத்துக்குப் போனார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அன்று சாயந்திரம்தான் முழுசாகப் படித்தேன். சேந்தமங்கலத்துக்கு அப்பால் மலையடிவாரத்தில் போட வேண்டிய ஒரு சாலை; நிலம் எடுப்பதில் தகராறு என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்கு வைத்த பணத்துக்குக் கோப்பில் மிச்சம் என்று பெயர். தகராறு நிஜமா, எங்கள் பாலத்துக்காகத் தகராறு ஆக்கப்பட்டதா? விசாரிக்கலாம் என்று நினைத்தேன், விசாரிக்கவில்லை. அந்தச் சாலை வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருத்தியின் தங்கச்சி எந்த அலுவலகத்திலும் வேலை செய்யாமல் இருக்கலாம். அந்த நினைப்பு எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

கோடை முழுக்க வேலை நடந்தது. மாமா தினமும் போய் நின்று கலவையைக் கையில் அள்ளிப் பார்த்தாராம். ஆட்கள் அவருக்கே டீ வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆவணியில் கைப்பிடிச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள்.

ஐப்பசி மழையில் அக்கா போன் செய்தாள். "ஓடையில தண்ணி வருது. நாளைக்குத் தீவன லாரி வருது. நீ வா."

போனேன். சிவப்புத் தண்ணீர் பாலத்துக்கு அடியில் சுழித்துக்கொண்டு ஓடியது. லாரி முழு லோடோடு இக்கரையில் நின்றது. டிரைவர் இறங்கி, பாலத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"நீ வண்டியில ஏறு."

"நான் எதுக்குக்கா?"

"உன்ற ஆபீஸ் கட்டுன பாலம். எழுதித்தான் குடுக்க மாட்டேன்னுட்ட. ஏறி உக்காந்து வா."

டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுகரையில் கம்பி நிற்காமல் இறங்கிப் போனது ஞாபகம் வந்தது. ஆனாலும் ஏறினேன். கதவைச் சாத்தப் போகும்போது அக்கா படியில் காலை வைத்து, என் தோளைப் பிடித்துத் தானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு ஏறுற?"

"உன்ன மட்டும் அனுப்பிப்போட்டு நான் கரையில நின்னு பாக்கோணுமா?"

லாரி நகர்ந்தது. அக்கரை வந்து சேரும்வரை அவள் என் மணிக்கட்டை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.